மறுப்பவர் கையொப்பமிடும் கட்டம்

படிவம் ஒற்றைத் தாள்தான். முன்பக்கத்தில் கட்டாயப் பாடங்கள். அவற்றில் எவரும் கைவைக்க முடியாது. பின்பக்கத்தில் கணிதத்தின் வகைகளுள் ஒன்றையும் விருப்பப் பாடங்களுள் மூன்றையும் தெரிவுசெய்து குறியிட வேண்டும். அடியில் பெற்றோரின் கையொப்பத்துக்கென நீண்ட கோடு. கணிதப் பகுதிக்கு வலப்புறத்தில் மட்டும், தபால்தலை அளவில், இன்னுமொரு சிறு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தைப் பற்றி எழுதவே உட்கார்ந்தேன். அதற்குமுன் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

மகள் உயர்நிலைப் பள்ளியின் நான்காம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்த பெப்ரவரியில் அந்தத் தாள் வீட்டுக்கு வந்தது. மொன்றியலில் ஐந்தாம் ஆண்டோடு பள்ளி முடிந்துவிடும். பின்னர் இரண்டாண்டுக் கல்லூரி. அதைக் கடந்தவர்க்கே பல்கலைக்கழகம். கல்லூரிகள் பல உண்டு. மகள் விரும்பியதோ ஒன்றை மட்டும். அந்தக் கல்லூரியின் அறிவியல் பிரிவுக்கு விண்ணப்பிப்போர் மிகப் பலர், இடம் பெறுவோர் மிகச் சிலர். இறுதியாண்டில் பிள்ளை என்ன பாடங்களை எடுத்திருக்கிறது, அவற்றில் எத்தனை புள்ளி பெற்றிருக்கிறது என்று பார்த்தே அவர்கள் தெரிவுசெய்வார்கள். ஆகவே பின்பக்கத்தில் இடப்படும் நான்கு குறிகளும் அவளுடைய எதிர்காலத்தின் மேல் இடப்படுபவை என்பது எனக்குத் தெரிந்தேயிருந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை.

அவள் விலங்கு மருத்துவராக விரும்பினாள். லாசாலில் நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தில் நாய் வளர்ப்போர் அனைவரையும் அவரவர் நாயின் பெயரைக்கொண்டே அறிந்து வைத்திருந்தாள். முழங்கால் வலியால் நடக்க இயலாத கீழ்த்தளத்து மூதாட்டியின் நாயை நாள்தோறும் மாலையில் நடத்திச் செல்வதும் அவளே. நான் உறவினரிடம், மகள் மருத்துவம் படிக்கப் போகிறாள் என்ற அளவில் நிறுத்திக்கொள்வேன். யாருக்கு மருத்துவம் என்பதைச் சொல்லமாட்டேன். மனைவி ஒருமுறை தொலைபேசிக்கு அருகில் நின்று, "நாய்க்கு எண்டும் சேத்துச் சொல்லுங்க, பேந்து ஆரும் பிறசர் பாக்கச் சொல்லி வந்திருவாங்க" என்றாள்.

மட்டக்களப்பில் நான் பதினோராண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன். ஆண்டுதோறும் சாதாரண தரப் பரீட்சையின் முடிவுகள் வந்ததும் பள்ளி அதிபர் என்னை நூலகத்தின் முன்மேசையில் அமர்த்துவார். பெற்றோர் வரிசையாக வருவர். பெறுபேற்றைப் பார்த்து, உயர்தரத்தில் பிள்ளை எந்தப் பிரிவுக்குப் போகவேண்டும் என்று நான் சொல்வேன். உயிரியல், கணிதம், வர்த்தகம், கலை. சொன்னால் மறுபேச்சு இராது. "சேர் சொன்னாச் சரி" என்று எழுந்து போவார்கள். அங்கே நடைமுறை தெளிவானது. உயிரியல் பிரிவுக்குப் போகும் பிள்ளை அன்றோடு கணிதத்துக்கு விடைகொடுத்துவிடும். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்னும் மூன்றே பாடங்கள். மூன்றின் புள்ளிகளே பல்கலைக்கழகத்தைத் தீர்மானிப்பவை. கணக்கில் தடுமாறிய எத்தனையோ பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி ஆறுதல் அளித்திருக்கிறேன். இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு உயிரியலைப் படி, கணக்கு இனி உன்னைத் தொடாது என்பேன்.

அந்த மேசையை நான் கடல் கடந்து கொண்டுவந்திருந்தேன் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

படிவம் வந்த மாலை, உணவு மேசையைத் துடைத்துவிட்டு அதை விரித்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். மகள் பிரெஞ்சு வரிகளைத் தமிழில் சொல்லச் சொல்ல, கணிதப் பகுதியில் இரு வகைகள் எனக்கு முக்கியமாகத் தோன்றின. ஒன்று, இயற்கை அறிவியலுக்குப் போவோர்க்கான கனமான கணிதம். அவள் நான்காம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்ததும் அதுவே. மற்றது, பண்பாட்டையும் சமூகத்தையும் சார்ந்தது என்று பெயரிடப்பட்ட இலகுவான கணிதம். கனமான கணிதத்துக்கு நேரே அவளுடைய கணித ஆசிரியை நீல மையால் தம் பெயரின் முதலெழுத்துகளை இட்டிருந்தார். இது இந்தப் பிள்ளைக்கு நான் பரிந்துரைப்பது என்பது அதன் பொருள். அதே இடத்தில் பென்சிலால் மெல்லிய ஒரு குறியும் இருந்தது.

மகளின் பெறுபேற்றை எடுத்துப் பார்த்தேன். மற்றப் பாடங்களில் எல்லாம் தொண்ணூற்றுக்கு மேல். கணிதத்தில் மட்டும் எண்பத்தொன்று. என் மனத்தில் பழைய நடைமுறை தானாக இயங்கத் தொடங்கியது. மருத்துவத்துக்குப் போகும் பிள்ளைக்கு இந்தக் கணிதம் எதற்கு? இருக்கும் புள்ளியைக் கீழே இழுப்பதற்கா? இலகுவானதை எடுத்தால் தொண்ணூற்றைந்து வரும். கல்லூரியின் கண்ணில் தொண்ணூறுகள் மட்டுமே தெரியும். மீதிக்கு இரசாயனம், பௌதிகம். மூன்றாவதாக மனித உடலியல் என்றொரு விருப்பப் பாடமும் இருந்தது. மூன்றும் ஒன்றாய் அமைந்ததைக் கண்டபோது மேசைக்கு எதிரே ஒரு பெற்றோர் உட்கார்ந்து என் சொல்லுக்காகக் காத்திருப்பது போன்ற நிறைவு உண்டாயிற்று.

மகள் பக்கத்தில் நின்றாள். ப்ரோஃப் இந்தக் கணக்கைத்தான் எடுக்கச் சொன்னவ என்றாள். ஆசிரியர்களை அவள் அப்படித்தான் குறிப்பிடுவாள். கணக்குப் படிப்பிக்கிறவருக்குக் கணக்கே பெரிதாகத் தெரியும், நான் இப்படி எத்தனை பேருக்குப் பிரிவு தெரிவுசெய்து கொடுத்தவன் என்றேன். ஏறக்குறைய இவையே என் சொற்கள். அழிப்பானை எடுத்து அந்தப் பென்சில் குறியைத் தடம் தெரியாமல் அழித்தேன். தாள் கசங்கக்கூடாது என்பதில் மிகுந்த கவனமாயிருந்தேன். பின்னர் இலகுவான கணிதத்துக்கு நேரே பேனையால் குறியிட்டேன். ஆசிரியரின் பரிந்துரையை ஏற்காத பெற்றோர் அந்தச் சிறு கட்டத்தில் கையொப்பமிட வேண்டும் என்று அவள் வாசித்துச் சொன்னாள். இட்டேன். நான் எப்போதும் தமிழிலேயே கையொப்பமிடுபவன்.

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அந்தக் கட்டம் திரும்பி வந்தது.

ஜான்-டலோன் சந்தையில் காய்கறிக் கடை ஒன்றில் நான் வேலை செய்கிறேன். கர்க்லாண்டிலிருந்து தமிழ்நாட்டு அம்மையார் ஒருவர் இரு வாரங்களுக்கு ஒருமுறை வருவார், பொறியியல் பேராசிரியை. வெண்டைக்காயை நுனி முறித்துப் பார்க்க விடுகிற ஒரே கடை எங்களுடையது என்பது அவர் வாதம். அவருடைய மூத்த மகன் சென்ற ஆண்டு நாங்கள் விரும்பிய அதே கல்லூரியில் அதே பிரிவில் சேர்ந்திருந்தான். அன்று காயை முறித்துக்கொண்டே, உங்க பொண்ணு இந்த வருஷம் அப்ளை பண்றாளா சார் என்று கேட்டார். ஆம் என்றேன். என்னென்ன பாடம் எடுத்திருக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று அவர் நினைத்திருந்தார்.

"கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், அந்தப் பெரிய மேத்ஸ். மூணுல ஒண்ணு கொறஞ்சாலும் ஃபைலையே திறக்க மாட்டாங்க சார். என் பையன் கிளாஸ்மேட் ஒருத்தன், தொண்ணூத்தாறு பெர்சென்ட். மேத்ஸை ஈசியா எடுத்துட்டான். அவ்ளோதான். உங்க பொண்ணுக்கு என்ன, நீங்க வாத்தியாரா இருந்தவர், பாத்துத்தான் போட்டிருப்பீங்க."

"ஓம்" என்றேன்.

பொய்யென்று அறிந்தே நான் சொன்ன 'ஓம்' அது. அவர் போனபின் வெண்டைக்காய்ப் பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். முறிந்த நுனிகள் கீழே கிடந்தன. அவற்றைக் குனிந்து பொறுக்கத் தொடங்கியவன் ஒரு கட்டத்தில் எழுந்திருக்க முடியாமல் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். முதலாளி வந்து முதுகு பிடித்துவிட்டதா என்று கேட்டார். அதற்கும் ஆம் என்றேன்.

மெட்ரோவில் கடைசித் தரிப்புவரை வந்து, அங்கிருந்து பேருந்தில் வீடு சேர ஒரு மணிநேரம் ஆகும். அந்த மணிநேரம் முழுவதும், அந்த அம்மையார் தவறாக அறிந்திருக்கலாம் என்ற ஒற்றை எண்ணத்தை விடாமல் பற்றியிருந்தேன். வீட்டில் மகள் கல்லூரியின் இணையப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். அறிவியல் பிரிவுக்கு முன்னதாகப் படித்திருக்க வேண்டிய பாடங்கள் மூன்று வரிகளில் இருந்தன. கணிதம் முதல் வரி.

அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் வியப்பு இல்லை.

மனைவி லாசாலில் பொதியிடும் தொழிற்கூடத்தில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். காலுறையைக் கழற்றாமலே நின்று கேட்டாள். கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ தாழ்ந்த குரலில், "ஊரில எத்தின புள்ளைகளுக்கு வழி சொன்னீங்க. அதுகளெல்லாம் எங்க போய்ச் சேந்துதுகளோ" என்றாள். அன்றுவரை அந்தப் பிள்ளைகளைப் பற்றி நான் அப்படி எண்ணிப் பார்த்ததில்லை. அன்று எண்ணத் தொடங்கியது இன்னும் நின்றபாடில்லை.

திங்கட்கிழமை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மகளோடு பள்ளிக்குப் போனேன். கல்வி வழிகாட்டல் ஆலோசகர் ஓர் இளம்பெண். சந்தையில் பழகிய என் பிரெஞ்சு காய்கறிகளின் பெயரையும் விலையையும் தாண்டாது. ஆகவே மகள் இருபுறமும் மொழிபெயர்த்தாள். பள்ளியில் ஏதோ தவறு நேர்ந்திருக்கிறது, ஆசிரியை பரிந்துரைத்ததை எவரும் கவனிக்கவில்லை என்று நான் தொடங்கினேன். அந்தப் பேச்சை வரும் வழியிலேயே ஆயத்தம் செய்திருந்தேன். ஆலோசகர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, அலுமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து அந்தத் தாளை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். சிறு கட்டத்தின் அருகே அவருடைய விரல் நின்றது.

"இது உங்கட கையெழுத்தா எண்டு கேக்கிறா" என்றாள் மகள்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படிக்கும் அந்தப் பள்ளியில் அப்படியொரு கையொப்பத்தை வேறெவரும் இட்டிருக்க முடியாது. ழகரத்தின் சுழி வரை பிசகாமல் எழுதியிருந்தேன்.

அவர் மேலும் சொன்னவற்றை மகள் குரல் மாறாமல் எடுத்துரைத்தாள். பெப்ரவரியில் அவரே தொலைபேசியில் அழைத்து, இந்தத் தெரிவால் அறிவியல் பிரிவின் வாசல் மூடிப்போகும் என்று செய்தி விட்டிருக்கிறார். பிரெஞ்சில் வந்த அந்தச் செய்தியை விளம்பரமென்று எண்ணி நான் அழித்திருப்பேன். அப்படி எத்தனையோ அழித்திருக்கிறேன். இப்போது பாடங்கள் தொடங்கி ஏழு வாரமாகிவிட்டது. கனமான கணித வகுப்பில் முப்பத்திரண்டு இடங்கள், முப்பத்திரண்டும் நிரம்பியுள்ளன. அதற்குமேல் ஒருவரைச் சேர்க்க விதி இடந்தராது. கோடைக்காலத்தில் தனியே படித்துக்கொள்ளலாம், ஆனால் நாங்கள் விரும்பும் கல்லூரி அதை ஏற்பதில்லை. மார்ச் முதலாந்தேதி விண்ணப்பிக்கும்போது அந்த வகுப்பின் புள்ளி கையிலிருக்க வேண்டும். ஒரே ஒரு வழி உண்டு. பெற்றோர் காரணம் கூறி அதிபருக்கு எழுத வேண்டும். அவர் இசைந்தால், விட்டுப்போன பாடங்களில் டிசம்பரில் ஒரு தேர்வு. அதில் தேறி, வகுப்பிலிருந்து எவராவது விலகினால், அந்த இடம் இவளுக்கு.

எவராவது விலகினால். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொற்களே என்னுள் ஓடிக்கொண்டிருந்தன.

கடிதத்தை ஞாயிறு முற்பகலில் எழுதினோம். நான் தமிழில் சொல்ல, அவள் கணினியில் பிரெஞ்சில் எழுதுவது என்று ஏற்பாடு. எழுத்து என் தொழிலாயிருந்தது. ஒரு வேண்டுகோளை எவ்வாறு தொடங்கி எவ்வாறு முடிக்க வேண்டுமென்று பிள்ளைகளுக்குக் கற்பித்தவன். இலங்கையின் பிரிவு முறையை முதலில் விளக்கினேன். அங்கே உயிரியல் படிப்போர் கணிதம் படிப்பதில்லை என்பதையும், என் பதினோராண்டுப் பணியையும், நூலகத்து மேசையையும், புள்ளி குறைந்துவிடுமோ என்று ஒரு தகப்பன் கொண்ட அச்சத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினேன். அரைமணிநேரம் பேசியிருப்பேன். அவள் நடுவில் விசைப்பலகையைத் தொடுவதை நிறுத்திவிட்டதை நான் கவனிக்கவில்லை.

எழுதியதை வாசி என்றேன். அவள் பிரெஞ்சிலிருந்து தமிழாக்கி வாசித்தாள். "என்ட மகள் சரியானதத்தான் தெரிவு செஞ்சவள். நான் அதை மாத்தினன். பிழை என்ட. அவளுக்கு ஒரு சோதின வைச்சுப் பாருங்க."

பிறர் எழுத்தில் மிகையைத் தேடித் திருத்திப் பழகிய கண் எனக்கு. அந்த நான்கு வாக்கியங்களிலும் நீக்க ஒரு சொல்லும் இல்லை. முதல் வாக்கியம் மட்டும் இடறியது. சரியானதைத் தெரிவுசெய்தது ஆசிரியை அல்லவா, அதிபருக்குப் பொய் எழுதலாமா என்றேன்.

"அந்தப் பென்சில் குறி நான் போட்டது" என்றாள்.

"அப்ப ஏன் மகள் சொல்லல்ல?"

"நீங்க அழிச்சுக்கொண்டு இருந்தீங்க."

அவள் குரலில் குறை கூறும் தொனி இல்லை. மழை பெய்தது என்பதைப் போலச் சொன்னாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, நிரம்பி வழியும் குவளையைப் பார்த்தபடி நின்றேன். மனைவி வந்து குழாயை மூடினாள். திரும்பி வந்தபோது கடிதம் அச்சாகியிருந்தது. கையொப்பமிட்டேன்.

அதிபர் இசைந்தார். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் தேர்வு என்று அறிவித்தார். மகள் தன் வகுப்புகளுக்கும் போய்வந்து, போகாத வகுப்பின் பாடத்தையும் தனியே படித்தாள். உதவிசெய்ய எனக்குத் தெரியாது. அந்தக் கணிதப் புத்தகத்தில் எண்களைவிட எழுத்துகளே மிகுதி. அவற்றில் ஒன்றும் எனக்கு அறிமுகமானதாக இல்லை. அவள் தடுமாறும் இடங்களை அதே வகுப்பில் படிக்கும் தோழி ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள். திருகோணமலைக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் கட்டடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. சனிக்கிழமைகளில் வந்து எங்கள் மேசையிலேயே உட்கார்ந்து இருவரும் படிப்பார்கள். அவளும் அந்தக் கணிதத்தில் கரைசேர முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள். ஆயினும் தன் குறிப்புகளை மகளுக்குக் கொடுத்தாள்.

அந்த வாரங்களில் நான் எவ்வாறு நடந்துகொண்டேன் என்பதை மறைத்தால் இதை எழுதுவதில் பயனில்லை. தேர்வில் மகள் தேறினாலும் இடம் வேண்டும். இடம் வேண்டுமானால் முப்பத்திருவரில் ஒரு பிள்ளை தோற்க வேண்டும். நாள்தோறும் மகள் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே, ஆராவது விலகினவங்களா என்று கேட்பேன். இல்லை என்பாள். முதல் தவணைப் பெறுபேறு வந்துவிட்டதா, புள்ளி குறைந்தவர்கள் யார் யார் என்று அடுத்த கேள்வி. சந்தையில் பெட்டிகளை இறக்கும்போதும், பேருந்தில் நிற்கும்போதும், முகம் அறியாத முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கு நான் தோல்வியை வேண்டிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்க் கண்ணை மூடினால் அங்கும் அதே வேண்டுதல். ஆசிரியனாக இருந்த காலத்தில் எந்தப் பிள்ளையின் தோல்வியையும் நான் விரும்பியதில்லை. அந்த ஒன்றாவது என்னிடம் மிஞ்சியிருந்தது. அதையும் அந்த நவம்பரில் இழந்தேன்.

ஒருநாள் மகள் வாசலிலேயே நின்று, "அப்பா, இனி அதக் கேக்காதீங்க" என்றாள். காரணம் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து மனைவியே சொன்னாள். விலகியிருந்தது அந்தத் தோழி. முதல் தவணையில் தேறாததால் இலகுவான கணிதத்துக்கு மாற்றும்படி அவளே கேட்டிருக்கிறாள். மருந்தாளராக வேண்டுமென்று ஆசைப்பட்ட பிள்ளை. வேறு துறை பார்க்கலாமென்று வீட்டில் அழுகையோடு முடிவெடுத்திருக்கிறார்கள்.

அதைக் கேட்ட கணத்தில் என் நெஞ்சில் முதலில் எழுந்தது மகிழ்ச்சி. அது எழுந்ததை மனைவி பார்த்துவிட்டாள். சோற்றைப் போட்டாள்.

தோழி அதற்குப் பிறகும் ஒரு சனிக்கிழமை வந்தாள். தன் குறிப்பேட்டை முழுதாகவே கொடுத்துவிட்டு, இனி எனக்குத் தேவைப்படாதுதானே என்று சிரித்தாள். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க மகள்" என்றேன். "இல்ல அங்கிள், பேந்து வாறன்" என்றாள். பிறகு அவள் வரவில்லை.

தேர்வில் அறுபது வேண்டியிருந்தது; மகள் அறுபத்திரண்டு எடுத்தாள். தோழி எழுந்துபோன நாற்காலியில் ஜனவரியில் இவள் போய் உட்கார்ந்தாள். வென்றுவிட்டோம் என்று நான் எண்ணிக்கொண்டது ஏறத்தாழ மூன்று வாரம் நீடித்தது. வகுப்பு அதற்குள் நெடுந்தூரம் போய்விட்டிருந்தது. ஓடும் பேருந்தின் பின்னால் ஓடுவது போலப் படித்தாள். வாரச் சோதனைகளில் ஐம்பத்தெட்டும் அறுபத்தைந்துமாக வந்தன. உண்மையில் அந்தக் கணிதத்தை அவளால் செய்ய இயலும். செப்டம்பரில் மற்றவர்களோடு தொடங்கியிருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பாள் என்று ஆசிரியையே சொன்னாராம். மகள் அதை எனக்குச் சொல்லவில்லை. தாய்க்குச் சொன்னதை நான் அடுத்த அறையில் இருந்து கேட்டேன்.

மார்ச் முதலாந்தேதி விண்ணப்பம் போயிற்று. மற்றப் பாடங்களில் தொண்ணூறுகள் வரிசையாக நிற்க, கணிதத்துக்கு நேரே அறுபத்து மூன்று இருந்தது. எந்தப் புள்ளியை மறைக்கப் பெப்ரவரியில் கையொப்பமிட்டேனோ, அதைவிடப் பதினெட்டுப் புள்ளி கீழே.

ஏப்ரலில் வியாழக்கிழமை ஒன்றில் பதில் வந்தது. அவள் பள்ளியில் இருந்தபடி தாய்க்குக் குறுஞ்செய்தி அனுப்பினாள். தாய் எனக்கு அழைத்தாள். சந்தையில் அன்று வெளிக்கடைகளைப் பரப்பத் தொடங்கியிருந்தோம். "எடுக்கல்ல" என்ற ஒரு சொல்லோடு மனைவி நிறுத்திக்கொண்டாள். நான் தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, கையிலிருந்த கத்தரிக்காய்களை ஒவ்வொன்றாகக் காம்பு மேலே தெரிய அடுக்கி முடித்தேன். முடித்தபின் செய்வதற்கு வேறொன்றும் இருக்கவில்லை. அடுக்கியதைக் கலைத்து மீண்டும் அடுக்கினேன்.

கர்க்லாண்ட் அம்மையார் மே மாதத்தில் வந்தபோது விசாரித்தார். கிடைக்கவில்லை என்றேன். அவருடைய கை வெண்டைக்காயை முறிக்காமல் நின்றது. "அவ்ளோ நல்லாப் படிக்கிற பொண்ணாச்சே சார், எங்க தப்பாச்சு?" என்றார். பிள்ளையிடம் தவறில்லை, நான்தான் கணக்கை மாற்றிப் போட்டேன் என்றேன். அக்டோபரில் சொன்ன அந்த 'ஓம்' இருவருக்கும் இடையில் கிடந்ததை அவரும் உணர்ந்திருக்க வேண்டும். அன்று அவர் வழக்கத்தைவிட அதிகமாகக் காய் வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டாம் சுற்றில் வேறொரு கல்லூரி அவளை அறிவியல் பிரிவில் எடுத்துக்கொண்டது. எவரும் போட்டியிட்டுச் சேராத கல்லூரி. போக ஒன்றேகால் மணிநேரம், இருமுறை பேருந்து மாற வேண்டும். அங்கிருந்து விலங்கு மருத்துவத்துக்குப் போக முடியாதென்றில்லை, ஆனால் அங்கே அவள் முதல் சிலருள் ஒருத்தியாக இருந்தாக வேண்டும் என்று ஆலோசகர் சொல்லியிருக்கிறார். முடியாதென்றில்லை என்ற அந்தச் சொற்கோவையை மகள் தமிழில் சொன்னபோது, அதன் இரு எதிர்மறைகளுக்கு நடுவில் எத்தனை சிறிய இடம் இருக்கிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதத்தில் அந்தக் கல்லூரியின் பாடத்தெரிவுப் படிவம் வந்தது. அவளுக்கு இன்னும் பதினெட்டு நிறையவில்லை. பெற்றோரின் கையொப்பம் வேண்டும். எல்லாக் குறிகளையும் அவளே இட்டிருந்தாள், பேனையால். மாலையில் நான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவியதும் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். நான் கண்ணாடியைத் தேடவில்லை. அடியிலிருந்த கோட்டைக் கண்டுபிடித்து, பேனையைத் திறந்து, அதன்மேல் வைத்தேன். இனி அவளுடைய தாள்களை வாசிக்கும் தகுதி எனக்கில்லை என்று முடிவுசெய்திருந்தேன். அதுவே அவளுக்கு நான் செய்யக்கூடிய ஈடு என்றும் எண்ணியிருந்தேன்.

அவள் தன் உள்ளங்கையால் அந்தக் கோட்டை மூடினாள்.

"வாசிக்காம வைக்காதீங்க அப்பா. அப்பவும் வாசிக்காமத்தானே வைச்சீங்க."

"எனக்கு விளங்காது மகள்."

"எனக்குத் தெரியும். வாசியுங்க."

தன் தொலைபேசியில் அகராதியைத் திறந்து தாளின் பக்கத்தில் வைத்தாள். விளங்காத சொல்லை அதில் எழுதிப் பார்க்கும்படி காட்டினாள். நான் உதவி கேட்பேன் என்று எண்ணினாளோ என்னவோ, பக்கத்தில் உட்காரவில்லை. கீழ்த்தளத்து மூதாட்டியின் நாய் காத்திருக்கிறது என்றாள். வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே, "நான் வாறத்துக்குள்ள முடிச்சிருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். முதல் வரியில் அவள் பெயர், அது விளங்கிற்று. இரண்டாம் வரியில் மூன்று சொற்களை அகராதியில் தேடினேன். மூன்றாம் வரியில் நின்றபோது கீழே தெருவில் நாய் ஒருமுறை குரைத்துவிட்டு அவளோடு நடக்கத் தொடங்கியது கேட்டது. அந்தத் தாளிலும் வலப்புறத்தில் சிறு கட்டங்கள் சில இருந்தன. அவை எதற்கானவை என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நான் அவற்றுக்கு வந்து சேரவில்லை.